எட்டுக் கட்டில், எட்டுப் பாட்டுக்காரர்கள்

ஜெபல் அலி கேம்ப், அறை எண் 14
18-12-2008, வியாழன்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை முனியசாமி அவர்களுக்கு, மைத்துனன் பாலகுரு வணக்கத்துடன் எழுதுவது. இந்த அறையில் இருந்த எட்டுப் பேரில் இரண்டு பேர் நலம். மற்ற ஆறு பேரும் ஊர் போய்ச் சேர்ந்து நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். தங்கை விஜியும் குழந்தையும் சுகம்தானே? எனக்கும் ஒரு விசா பாருங்கள் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம் மாப்பிள்ளை, வராதீர்கள். காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு அங்கேயே இருந்தால் போதும்.

எங்கள் அறையின் டிஷ் அக்டோபரில் அடித்த மணல்காற்றில் திரும்பிக்கொண்டது. அதன்பிறகு தமிழும் இல்லை, இந்தியும் இல்லை, ஒரே ஒரு வெள்ளைக்காரச் சேனல் மட்டும் வந்தது. வானிலைச் செய்தியில் வந்த வரைபடத்தை எங்கள் அறை ஈசா சிமெண்ட் பை காகிதத்தில் வரைந்துபோய் எஞ்சினியரிடம் காட்டினான். ஹங்கேரி என்றார். இருக்கட்டும், காற்றாடியையே எத்தனை நேரம் பார்ப்பது என்று நாங்களும் ஹங்கேரியைப் பார்த்தோம். வெள்ளிக்கிழமை மதியம் அதில் ஒரு பாட்டுப் போட்டி. எட்டுப் பேர் பாடுவார்கள், நடுவர்கள் திட்டுவார்கள், கடைசியில் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவார்கள். நாங்களும் எட்டுப் பேர். சும்மா விளையாட்டுக்கு ஆளுக்கு ஒரு பாட்டுக்காரரை எடுத்துக்கொண்டோம். ஜெயசீலனுக்கு ஒரு குண்டண்ணன். ஈசாவுக்குக் கண்ணாடிக்காரி. எனக்கு முன்பல்லில் இடைவெளி உள்ள ஒரு பெண்.

முதல் வெள்ளி குண்டண்ணன் தோற்றார். ஜெயசீலன் விழுந்து விழுந்து சிரித்தான். "அய்யோ பாவம்ப்பா, வீட்டுக்குப் போனா பொண்டாட்டி கதவத் தொறப்பாளா?" மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, சைட்டுக்குப் போகும் பஸ் வாசலில் நின்று டைம்கீப்பர் சதக்கத்துல்லா பாய் ஒரு காகிதத்தைப் பார்த்து வாசித்தார். "ஜெயசீலன், நீ ஏறாதே. சாமானைக் கட்டு. விசா கேன்சல்."

"பாய், காலங்காத்தால ஜோக்கா?"

"நான் என்னைக்குடா ஜோக் அடிச்சேன்? கலாஸ், முடிஞ்சுது. படிய விட்டு எறங்கு."

அடுத்த வெள்ளி இன்னொருவன் எடுத்துக்கொண்ட பாட்டுக்காரர் போனார், சனிக்கிழமை அவன் போனான். அப்போதுதான் அறையில் சிரிப்பு நின்றது. மூன்றாவது வாரம் கண்ணாடிக்காரிக்குத் தொண்டை கட்டியிருப்பதைப் பார்த்த ஈசா, பயந்துபோய், தன் பிரியாணியிலிருந்த கோழித்துண்டைக் கொடுத்து, பால்காரன் மாதிரி இருந்த நல்ல பாடகனை அடுத்த கட்டில்காரனிடமிருந்து மாற்றிக்கொண்டான். கண்ணாடிக்காரி கரகரத்த தொண்டையோடு தப்பித்தாள். பால்காரன் போனான். காலையில் பஸ் வாசலில் ஈசாவின் பெயர். அவன் பெட்டியைத் தூக்கும்போது, "என் கோழித்துண்டையாவது திருப்பித் தாங்கடா" என்றான். யாரும் சிரிக்கவில்லை மாப்பிள்ளை.

நாலாவது வெள்ளி டிவியின் மேல் ஈரக் கைலியைப் போட்டு மூடினோம். பார்த்தால்தானே வினை? மதியம் முழுக்க ஐந்து பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். சனிக்கிழமை காலை இரண்டு பெயர்களை வாசித்தார் பாய். அடுத்த வெள்ளி கைலியை எடுத்துப் பார்த்தால், மேடையில் மூன்றே பேர். நாங்கள் பார்க்காத அன்று இரண்டு பேரை அனுப்பியிருக்கிறார்கள்.

உங்களுக்குக் கோபம் வராதா? எனக்கு வருகிறது. அந்த ஊரில் தோற்றவனைக் கட்டிப் பிடித்து அழுகிறார்கள். பூங்கொத்து கொடுக்கிறார்கள். எந்தச் சுரம் பிசகியது என்று சொல்லி அனுப்புகிறார்கள். இங்கே நாங்கள் கம்பி கட்டிய நாற்பத்தொரு மாடிக் கட்டடம் பாதியில் நிற்கிறது, அதன் தலையில் இருக்கும் க்ரேன் இரண்டு மாதமாகத் திரும்பவில்லை. என்ன தப்புச் செய்தோம் என்று ஒருவனுக்கும் சொல்லவில்லை. கைதட்ட ஓர் ஆள் இல்லை. நமக்கு ஓட்டுப் போடவும் எவன் இருக்கிறான்?

நேற்று நேராக பாயிடமே போனேன். "பாய், நீங்க அந்த டிவி பாத்துத்தானே பேர் வாசிக்கிறீங்க?" அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எனக்கு டிவியே கெடையாதுப்பா" என்று மேசை டிராயரிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பிரித்தார். ஆபீஸில் அடித்த பட்டியல். கீழே முத்திரை, கையெழுத்து, தேதி செப்டம்பர் 14. எங்கள் டிஷ் திரும்புவதற்கு ஒரு மாதம் முன்பு. முதல் பெயர் ஜெயசீலன். மூன்றாவது ஈசா. நாலும் ஐந்தும் ஒரே தேதியில். ஆறாவதாக, போன சனிக்கிழமை போனவன். அதற்குக் கீழே என்ன என்று குனிந்தேன். பாய் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டார். "வேணாந்தம்பி. தெரிஞ்சா சோறு எறங்காது."

எனக்கு இரவெல்லாம் ஒரே கேள்வி. எங்கள் பட்டியலை இந்தக் கம்பெனி போட்டது, சரி. அந்தப் பாட்டுக்காரர்களுக்கு இதை யார் அனுப்பினார்கள்?

இப்போது மிச்சம் நானும் வைரவன் அண்ணனும்தான். ஆறு கட்டில் காலி. போன வாரம் சைட்டில் மிச்சக் கம்பிகளை அடுக்கும்போது எனக்கு இடது கட்டைவிரலில் குத்தி, துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். வெள்ளியன்று என் பாட்டுக்காரி மைக்கைப் பிடித்து நிற்கிறாள், அவள் இடது கட்டைவிரலில் கட்டு. வைரவன் அண்ணன் அதைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், எழுந்து போய்த் துணி துவைக்க ஆரம்பித்தார். நாளை இறுதிப் போட்டி. அவருடைய ஆளும் என்னுடையவளும்.

ஆகவே மாப்பிள்ளை, பாஸ்போர்ட்டைப் பெட்டிக்கு அடியில் போடுங்கள். ஓட்டுகிற ஆட்டோவையே ஓட்டுங்கள். ஏஜெண்ட் வீட்டுப் பக்கம் போனால் விஜியை விட்டுக் காலை உடைக்கச் சொல்வேன். குழந்தையின் நெற்றியில் என் பெயரைச் சொல்லித் திருநீறு இடுங்கள். முதுகுளத்தூரில் என்னை இன்னும் விசாரிக்கிற எல்லாருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும்
பாலகுரு

பி.கு.: சனிக்கிழமை. கடிதத்தை ஒட்டுவதற்குள் எழுதுகிறேன். என் பாட்டுக்காரி ஜெயித்துவிட்டாள். காலையில் வைரவன் அண்ணன் பெயரை வாசித்தார்கள். "நல்லாரு தம்பி, தனியாப் படுக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ்ஸில் ஏறப் போன என்னைப் பாய் தனியாக அழைத்துப் பட்டியலை முழுவதும் காட்டினார். எட்டாவதாக நானும் இருக்கிறேன். ஜெயித்தவனுக்கும் அதில் இடம் உண்டாம். "வேற சைட்டுக்குப் பாதிச் சம்பளத்துல ஏழு ஆள் வேணும். இப்பவே ஒரு பேராவது குடு, லிஸ்ட்லேருந்து உன் பேரை அடிச்சிடறேன்" என்றார். கொடுத்துவிட்டேன். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டுக் கிளம்பி வாருங்கள். போர்வை இரண்டு கொண்டு வாருங்கள், ஏசி அதிகம். விஜியிடம் நான்தான் கூப்பிட்டேன் என்று சொல்ல வேண்டாம். இன்னொன்று. நேற்று போட்டி முடிந்ததும், அடுத்த போட்டிக்கு ஆள் எடுப்பதைக் காட்டினார்கள். நெஞ்சில் நம்பர் ஒட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மூன்றாவதாக நின்றவருக்கு உங்கள் மீசை, உங்கள் சாய்ந்த தோள், விஜியின் வளைகாப்புக்குப் போட்டிருந்தீர்களே, அந்தக் கட்டம் போட்ட சட்டை. நான் உங்கள் பெயரைக் கொடுத்தது இன்று காலைதான் மாப்பிள்ளை. அவர் நேற்றே வந்து நிற்கிறார்.