ஆணியில் ஏறாத கல்யாணப் போட்டோ

பொருத்தம் பார்க்கிறவர் என்று ஓர் இனம் உண்டு, ஐயா. ஜாதகப் பொருத்தம் இல்லை. அதையாவது பத்தோடு முடித்துக்கொள்வார்கள். இவர் பார்ப்பது மானிட்டரில் தெரிகிற நிறத்துக்கும் போட்டோ பிரிண்டில் விழுகிற நிறத்துக்கும் உள்ள பொருத்தம். அது லேசில் அமையாது.

வானகரத்தில் எங்கள் பிளாட்டில் இருப்பவர் ஸ்ரீநாத், ஐ.டி.க்காரர். திரையின் நிறத்தை அளக்க ஒரு கருவி வாங்கினார். அது பல்லி மாதிரி மானிட்டரில் ஒட்டியிருக்கும்போது வீட்டில் லைட் போடக்கூடாது, ஜன்னலைத் திறக்கக்கூடாது, முக்கியமாக மனைவி நிவேதிதா சிவப்பு நைட்டியோடு குறுக்கே போகக்கூடாது, நைட்டியின் சிவப்பு திரையில் அடிக்குமாம். பாவம் அந்தப் பெண்!

அவள் கேட்டதுதான் என்ன? ஹால் ஆணியில் ஒரு கல்யாணப் போட்டோ. குழந்தை எல்.கே.ஜி. போய்விட்டது, ஆணியில் தொங்குவது கொசு பேட். கரூரிலிருந்து வரும் அவள் அப்பா அந்த பேட்டைப் பார்ப்பார், பிறகு மகள் முகத்தைப் பார்ப்பார். போன தடவை தனியாகக் கூப்பிட்டு, "மாப்பிள்ளையோட ஏதாச்சும் மனஸ்தாபமாம்மா?" என்றே கேட்டுவிட்டார். இந்த ஞாயிறு மறுபடி வருகிறார்.

அம்பத்தூர் ஸ்டுடியோ வீராசாமி போட்டுத் தந்த முதல் பிரிண்டை ஸ்ரீநாத் குப்பையில் போட்டார். கூரைப்புடவை கறுத்துவிட்டதாம். அடுத்ததில் நீலம் தூக்கல். அதற்கடுத்ததில் மாலை வாடிவிட்டது. கடைசியில் மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? மானிட்டரையே பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய்விட்டார்.

"இன்னா சார் இது, டிவி ரிப்பேரா? அது பக்கத்துக் கட சார்," என்றார் வீராசாமி.

"இதுல தெரியிற சிவப்பு அப்படியே பேப்பர்ல வரணும்."

"அது கரண்ட்ல எரியுது, இது சும்மா கீது. சரி, குந்து சார். இன்னிக்கு ஒண்ணு நீ, இல்ல நானு."

சாயங்காலம் பொருந்தியேவிட்டது! திரையிலும் தாளிலும் அச்சு அசலாக ஒரே குங்குமச் சிவப்பு. வீட்டுக்கு வந்து வெற்றியோடு நீட்டினார். நிவேதிதா பீரோவைத் திறந்து கூரைப்புடவையை எடுத்து பிரிண்ட் பக்கத்தில் விரித்தாள். புடவை நல்ல அரக்கு.

நம்மவர் அசருவாரா?

"புடவை கலர் மாறியிருக்கு நிவி. மானிட்டர் பொய் சொல்லாது."

அவள் புடவைகளுக்கு அடியிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். குப்பையிலிருந்து மீட்டு பிரேம் போட்டு வைத்திருந்த முதல் பிரிண்ட். அதே அரக்கு. ஆணியில் அதை மாட்டிவிட்டு, கொசு பேட்டை அவர் கையில் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த அப்பா அதன் முன்னால் நின்றவர் நின்றவர்தான். "எம் பொண்ணு என்னமா சிரிக்கிறா!" என்றார், கண் கலங்க.

"சிரிக்கிறாளா?" என்று ஸ்ரீநாத் கிட்டே போய்ப் பார்த்தார். இத்தனை காலமும் புடவையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்!

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? உங்கள் கல்யாணப் போட்டோவில் பக்கத்தில் நிற்பவர் சிரிக்கிறாரா, இல்லையா? எழுந்து போய்ப் பார்க்காமல் சொல்லுங்கள்.