கவுத்துப்போடு தின்ற காளான்

உலகத்தில் மனிதர்கள் மேல் கோபப்படுகிறவர்கள் கோடிப் பேர். காளானை மேலாகப் பார்த்துவிட்டுப் போகிறவன் மேல் கோபப்பட்ட ஒரே ஆசாமி எங்கள் கிருஷ்ணகிரி ஹாஸ்டல் ‘கவுத்துப்போடு’தான்.

அவன் நிஜப் பெயர் வார்டனுக்கே மறந்துவிட்டது. ஓசூர்ப் பையன், பி.எஸ்ஸி. தாவரவியல். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், திட்டுவதற்கு மட்டும் தமிழ். மழைக்கு முளைத்த காளானைப் பார்த்து “அழகா இருக்குல்ல?” என்று எவனாவது வாய் திறந்தால் தொலைந்தான்.

“மேல பாத்து என்னாடா தெரியும், முட்டாப் பயலே? கவுத்துப் போடு! அடியில மடிப்பு மடிப்பா தொங்குது பாரு, அங்கதான்டா அதோட வம்சமே இருக்குது!”

காம்பைக் கிள்ளிவிட்டு, குடையை மட்டும் மடிப்பு கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் வைப்பான். மேலே ஒரு டம்ளரைக் கவிழ்ப்பான். சில மணி நேரத்தில் மடிப்புகளிலிருந்து மாவு மாதிரி தூள் உதிர்ந்து, தாளில் வண்டிச் சக்கரம் வரைந்தது போல விழுந்திருக்கும். அதுதான் காளானின் விதையாம். அதன் நிறத்தை வைத்து ஜாதகமே சொல்வான்.

சொல்லட்டும். டம்ளர் யாருடையது? மெஸ்ஸுடையது. பாதி ஹாஸ்டல் சோப்பு டப்பாவில் காப்பி குடித்தது. தாள்? அது தீர்ந்துபோன அன்று என் புது டெரிலின் சட்டையை விரித்துவிட்டான். அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு போனால், “ஏம்ப்பா, முதுகுல மாட்டுவண்டி ஏறிப்போச்சா?” என்கிறான் ஒரு கண்டக்டர். எனக்கு எரிந்த எரிச்சலில் ஒரு பானைச் சோறு வேகும்.

சோறு எங்கே இருந்தது? அரிசித் தட்டுப்பாட்டு வருஷம். தினமும் ராகிக் களி, முகம் பார்க்கிற சாம்பார். அப்படிப்பட்ட ஒரு லீவு நாளில் சமையல்கார முனியப்பண்ணன் குந்தாரப்பள்ளிச் சந்தையிலிருந்து கூடை நிறையக் காளான் கொண்டுவந்து குழம்பு வைத்தார். வாசனைக்கே ஹாஸ்டல் மொத்தமும் தட்டோடு வந்து நின்றது.

கவுத்துப்போடு வாசலை மறித்தான். கூடையிலிருந்து எடுத்த நாலைந்து குடைகளை ஏற்கெனவே தாளில் வைத்து டம்ளர் கவிழ்த்திருந்தான்.

“எங்க பறிச்சது? புத்துலயா, குப்பையிலயா?”

“சந்தையில வித்தாங்க, வாங்கியாந்தேன். பொறந்ததுல இருந்து தின்னுக்கினு இருக்கறோம். செத்தா போயிட்டோம்?”

“செத்தவன் எப்பிடி அண்ணா வந்து சொல்லுவான்? விஷக் காளானும் அச்சா இதே மாதிரி இருக்கும். தூளு பச்சையா உழுந்தா அத்தனை பேருக்கும் வாந்தி, பேதி. சாயங்காலம் வரைக்கும் பொறுங்க.”

பொறுப்பதா? சட்டைக் கோபமும் பசியும் சேர்ந்து நான்தான் முதலில் கத்தினேன். “நகருடா! இல்லைன்னா உன்னையே கவுத்துப் போட்டுருவேன்!” பின்னால் நின்ற கூட்டம் தள்ளியது.

அவன் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. கரண்டியைப் பிடுங்கினான். ஒரு கிண்ணம் நிறையக் குழம்பை ஊற்றி, நின்றபடியே மடமடவென்று தின்றான்.

“போதுமா? சாயங்காலம் நான் உசுரோட இருந்தா தின்னுங்கடா, தின்னிப் பண்டாரங்களா!”

குழம்பு அண்டாவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவனையும் பெயர் சொல்லித் திட்ட ஆரம்பித்தான். முதலில் சிரித்தோம். அப்புறம் எவனுக்கும் சிரிப்பு வரவில்லை. காலித் தட்டோடு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். திட்டு வருகிறவரை ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

வெயில் சாய்கிற நேரம் திட்டு நின்றது. தலை அண்டாவில் சாய்ந்தது.

முனியப்பண்ணன் உப்புத் தண்ணீரோடு ஓடி வந்தார். நான் அவன் காலரைப் பிடித்து உலுக்கினேன். “டேய், என்னைத் திட்டுடா! என்ன வேணா சொல்லித் திட்டுடா! தயவுசெஞ்சு திட்டுடா!”

ஒரு கண் திறந்தது. “வயிறு நெறைய தின்னவன் தூங்கக் கூடாதா? போய் டம்ளரத் தூக்குடா.”

ஒவ்வொன்றாகத் தூக்கினேன். எல்லாத் தாளிலும் வெளிர் ரோஜா நிறத்தில் தூள். பச்சை எங்குமே இல்லை. நல்ல காளான்.

“பசிக்குதாடா எருமை? போ, தின்னு” என்றான்.

என்னை யாரும் அவ்வளவு பிரியமாக எருமை என்று கூப்பிட்டதில்லை.