ஆடிக்கு வந்த மாப்பிள்ளை ஆரணியில் காணாமல் போன கதை

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். கோளாறு காதில் இல்லை. எதிரே இருப்பவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் பாதி வழியிலேயே என் மனசு இறங்கி எங்கேயாவது போய்விடும். மிச்சப் பாதியைப் பிறகு நானே இட்டு நிரப்பிக்கொள்வேன். எங்கள் ஊர் வெம்பாக்கத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேர்க்கடலைக் கொல்லையில் களை பிடுங்கச் சொன்னால் செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து நிற்பேன், அப்பா திட்டுவார், அதோடு முடிந்துவிடும். இப்படி அரைக் காதோடு இருப்பவன் கல்யாணம் செய்துகொண்டால் என்ன ஆகும் என்பதை ஆரணிதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. (ஊரே சேர்ந்து சொல்லிக் கொடுத்தது என்றால் இன்னும் பொருத்தம்.)

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு வைகாசியில், எனக்கும் சுமதிக்கும் கல்யாணம் நடந்தது. அவள் ஆரணிப் பெண். அவளுடைய அப்பா அங்கே கொசப்பாளையத்தில் தறிச் சாமான் கடை வைத்திருந்தார். கல்யாண வீடியோவை அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ரமேஷ் எடுத்தார். அவர் கேபிள் டிவி நடத்துகிறவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. புதுப் பட கேசட் கிடைக்காத மதியங்களில் எல்லாம் அவர் உள்ளூர் சேனலில் என் கல்யாணத்தைப் போட்டுவிட்டார். அதில் நான் கண்ணீர் வழிய, மூக்கை உறிஞ்சிக்கொண்டே தாலி கட்டும் கட்டம் ஒன்று உண்டு. (ஹோமப் புகை. சத்தியமாகப் புகைதான்.) ஆரணியில் அதைப் பார்க்காத வீடு கிடையாது.

அடுத்து ஆடி பிறந்தது. தலை ஆடிக்குப் பெண் வீட்டில் அழைத்தார்கள். புது ஜோடிக்குத் தேங்காய்ப்பால் கொடுத்து, புதுத் துணி கொடுத்து, வயிறு கொள்ளாமல் சோறு போட்டு, சாயங்காலம் மாப்பிள்ளையை மட்டும் பஸ் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பெண் ஆடி முடியும்வரை அம்மா வீட்டில் இருப்பாள். ஆக, எனக்கும் சுமதிக்கும் ஒரு மாதத்துக்கு அதுதான் கடைசிப் பகல். பஸ்ஸில் வரும்போதே ஆடி முடிய எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

அந்தப் பஸ்ஸில்தான் சுமதி சொன்னாள். "கோட்டைக்குப் பக்கத்துல ஒரு பேக்கரி கீதுங்க. இஸ்கூல் உட்டு வரும்போது அந்தத் தேங்காய் பன்னு வாசன வரும் பாருங்க, அது..."

ஜன்னலுக்கு வெளியே ஏரித் தண்ணீரில் ஒரு கொக்கு தன் நிழலையே பார்த்தபடி நின்றிருந்தது. நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். திரும்பியபோது அவள் பேசி முடித்திருந்தாள். தேங்காய் பன் என்றால் இவளுக்கு உயிர் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

காலையில் தேங்காய்ப்பால் குடித்துவிட்டு, மாமனார் கொடுத்த புதுப் பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையும் உடுத்திக்கொண்டு, "ஊரைக் கொஞ்சம் சுத்திப் பாக்கிறேன்" என்று கிளம்பினேன். யாருக்கும் தெரியாமல் அந்தப் பன்னை வாங்கிவந்து சுமதி கையில் கொடுப்பதாகத் திட்டம்.

"தொணைக்கு ஆள் வரட்டுமா மாப்ள?" என்றார் மாமனார்.

"வேணாம் மாமா. எனக்குத் தெரியாத ஊரா?"

எனக்குத் தெரியாத ஊர்தான்.

"ஜல்தி வந்துடுங்க. பன்னண்டரைக்கு எல போட்டுடுவோம்" என்றார் மாமியார். சுமதி கதவோரம் நின்று, சீக்கிரம் வாருங்கள் என்று கண்ணாலேயே சொன்னாள். அதை மட்டும் நான் முழுசாகக் கேட்டேன்.

தெருவில் இறங்கினால் மழைச் சத்தம். அண்ணாந்து பார்த்தேன். பளீரென்று வெயில். அது தறிச் சத்தம். பண்டிகை நாளானாலும் ஆவணி முகூர்த்தப் புடவைகளுக்கு அவசரம் போலிருக்கிறது, பாதி வீடுகளில் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் தூறல், அடுத்த வீட்டில் சடசட மழை, தெருக்கோடியில் யாரோ தறியை நிறுத்த மழை விட்ட மாதிரி ஓர் அமைதி. குடையில்லாமல் நனைந்துகொண்டு நடப்பதுபோல் நான் நடந்தேன். வழியைக் கவனித்தேனா என்றால் இல்லை.

"புகையில அழுத மாப்ளதான நீங்க?"

ஒரு வாசலில் நெசவுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். மறுக்க வாய் திறப்பதற்குள் உள்ளே உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்றால் மாமனாருக்கு மரியாதைக் குறைவு. குடித்தேன். வழி கேட்கலாம் என்று நினைத்தேன். இந்த ஊர் மாப்பிள்ளை இந்த ஊரிலேயே வழி கேட்டால் அதுவும் மரியாதைக் குறைவு. (மரியாதையைப் பற்றி அந்த வயதில் எனக்கு இருந்த ஞானம் அவ்வளவுதான்.)

அடுத்த சந்தில் சாயப் பட்டறை. மூங்கில் கழிகளில் பட்டு நூல் கட்டுகளைச் சிட்டம் சிட்டமாகச் சாயத்தில் நனைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து. காற்றடித்ததும் எல்லாம் ஒன்றாக அசைந்தன. சாக்கடையில் கூட ஊதாத் தண்ணீர் ஓடியது. நான் வாய் திறந்தபடி கீழே நின்றேன். பட்டறைக்காரர் வந்தார். அவருக்கு ஒரு கை சிவப்பு, ஒரு கை பச்சை. பச்சைக் கையால் நன்னாரி சர்பத் நீட்டினார்.

"குடிங்க மாப்ள. எங்க வூட்டுல உங்க கல்யாணம் நாலஞ்சு வாட்டி பாத்துட்டோம். நல்லா அழுதீங்க."

சர்பத் குடித்து முடிக்கும்வரை என் தலைக்கு மேலே ஒரு சிட்டம் நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கிளம்பி வெகுதூரம் போன பிறகுதான், எதிரே வந்த ஒரு அம்மாள் என் தோளைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனதைக் கவனித்தேன். என் வெள்ளைச் சட்டையின் இடது தோள் முழுக்க ரத்தச் சிவப்பு.

பிறகு மண்டி, பித்தளைப் பாத்திரக் கடைகள், பூக்கடைகள். மிட்டாய்க் கடைக்காரர் ஒருவர் தராசை விட்டுவிட்டு ஓடிவந்து, "ஆடிக்கு வந்த மாப்ள வாய் இனிக்காம போவக் கூடாது" என்று மக்கன் பேடா ஒன்றை வாயிலேயே வைத்துவிட்டார். இனிப்புக்கு மேலே ஒரு கண்ணாடித் தம்ளர் பால். அதைத் தாண்டி ஒரு பலகையில் சைதாப்பேட்டை என்று எழுதியிருந்தது. மெட்ராஸ் வரை நடந்து வந்துவிட்டோமோ என்ற சந்தேகம் எனக்கு நிஜமாகவே வந்தது. (ஆரணியிலும் ஒரு சைதாப்பேட்டை உண்டு என்று பெண் பார்க்க வந்த அன்றே மாமனார் சொன்னாராம். அப்போது நான் சுமதியின் ஜிமிக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

ஒரு வழியாகப் பேக்கரி கிடைத்தது. நான் கண்டுபிடிக்கவில்லை, மூக்கு கண்டுபிடித்தது. அடுப்பிலிருந்து தகரத் தட்டு வெளியே வரும் நேரம். சுவரில் மாதா படத்துக்கு மல்லிகை சாத்தியிருந்தது. கடைக்காரர் ஸ்டெல்லா அக்காவுக்கும் என்னைத் தெரிந்திருந்தது.

"தேங்காய் பன் ஒண்ணு குடுங்க. சுமதிக்கு."

அவர் கையை நிறுத்தினார். "சுமதிக்கா? அது கேட்டுச்சா?"

"ஆசப்பட்டா."

"சுமதி? தேங்காய் பன்னு?" மறுபடி கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, கல்யாணம் ஆனால் நாக்கு மாறும் போல என்று தனக்குள் சொல்லிக்கொண்டே சூடான பன்னைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அங்கேயாவது நான் விழித்துக்கொண்டிருக்கலாம்.

திரும்பும்போது எல்லாச் சந்தும் ஒரே சந்தாகத் தெரிந்தது. வயிற்றில் டீயும் சர்பத்தும் பாலும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. ஒரு திருப்பத்தில் வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. அரிசி மில். நெல் அவியும் வாசனை தெருவையே கம்பளி போல் மூடியிருந்தது. களத்தில் புழுக்கிய நெல்லைப் பொன் தகடு மாதிரி பரப்பியிருந்தார்கள்.

"இன்னா மாப்ள, சட்ட இப்பிடி ஆயிருச்சு? குந்துங்க கொஞ்ச நேரம்" என்றார் மில் முதலாளி. தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால், வேப்பமர நிழலில், உட்கார இடம் காட்டினார். தவிட்டு மூட்டைபோல் ஒரு மெத்தையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று பன்னை மடியில் வைத்தேன். ஏரியில் அந்தக் கொக்கு நின்றிருந்தது. சுமதி அதனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மில் முதலாளி என்னை எழுப்ப மனசில்லாமல், வெயில் படாதபடி ஒரு தார்ப்பாயை மறைப்பாகக் கட்டிவிட்டுச் சாப்பிட வீட்டுக்குப் போயிருக்கிறார். பன்னிரண்டரைக்கு வீட்டில் இலை போட்டார்கள். ஒரு மணிக்கு இலையை மூடி வைத்தார்கள். ஒன்றரைக்கு மாமனார் சைக்கிளை எடுத்தார். தெருவில் ஒருவர், "மாப்ளயா? தோளெல்லாம் ரத்தமா, தள்ளாடிகினு போனாருபா" என்றார். மாமனார் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். மாமியார் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணி முடிந்தார். விருந்துக்கு வந்த ஒரு பெரியம்மா வேறு விதமாக யோசித்தார்.

"புடிக்காம கட்டி வெச்சாங்களோ இன்னாவோ. தாலி கட்டறப்பவே அழுதாரே. ஓடிட்டாரு போல."

சுமதி அதற்கும் அசையவில்லையாம். "ஓடிப் போற அளவுக்கு அவருக்கு வழி தெரியாது பெரிம்மா" என்றாளாம். (எங்கள் முப்பது நாள் சொச்சக் குடித்தனத்தில் அவள் என்னை முழுக்கப் படித்து முடித்திருந்தாள்.)

மில்லுக்கும் தேடி வந்திருக்கிறார்கள். விஷயம் தெரியாத காவலாளி, "இங்க யாரும் வரலீங்க" என்று தார்ப்பாய்க்கு முன்னால் நின்றே சொல்லியிருக்கிறார். கடைசியில் ரமேஷ் தன் ஆயுதத்தை எடுத்தார். கேபிளில் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்திவிட்டு என் கல்யாண கேசட்டைப் போட்டு, நான் மூக்கை உறிஞ்சும் இடத்தில் அப்படியே நிறுத்தினார். கீழே, 'இவரைக் காணவில்லை. கண்டவர் கொசப்பாளையம் தறிச் சாமான் கடைக்குத் தெரிவிக்கவும்' என்று எழுத்து ஓடியது. ஆரணி முழுக்க, சாப்பாட்டு நேரத்தில், அழுத முகமாக நான் தொலைக்காட்சியில் நின்றேன்.

மில் முதலாளியின் மனைவி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தார். "ஏங்க, இந்தாளு நம்ம மில்லுல தூங்கறாருன்னு இப்பதான சொன்னீங்க?"

கண் விழித்தபோது என்னைச் சுற்றிப் பெரிய கூட்டம். மில் முதலாளி, மாமனார், ரமேஷ், சாயப் பட்டறைக்காரர், இன்னும் யார் யாரோ. நான் எழுந்து உட்கார்ந்து, "மணி பன்னண்டரை ஆயிடுச்சா மாமா?" என்று கேட்டேன். மேற்கே சாய்ந்த வெயில் பதில் சொன்னது. மாமனார் என் தோளைத் தொட்டுப் பார்த்து, விரலை மோந்து, "சாயம்" என்றார். அப்போது அவர் கண் கலங்கியிருந்தது. அங்கே புகை எதுவும் இல்லை.

தலையெல்லாம் தவிடாக, ஒரு தோள் சிவப்பாக, மில் முதலாளியின் டிவிஎஸ் ஃபிஃப்டியில் பின்னால் உட்கார்ந்து ஊர்வலம் போனேன். வழியெல்லாம் மக்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். வீட்டில் மாமியார் மூடி வைத்திருந்த இலையைத் திறந்தார். பருப்பு, பாயசம், வடை, இரண்டு வகைக் கூட்டு, ஆறிப்போன அப்பளம். நான் ஒன்று விடாமல் சாப்பிட்டேன். அதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தெரிந்து எந்தச் சட்டத்திலும் இல்லை.

கை கழுவும் இடத்தில் சுமதி தனியாக அகப்பட்டாள். நசுங்கித் தட்டையாகிப்போன பன்னை நீட்டினேன்.

"இன்னா இது?"

"தேங்காய் பன். உனக்குப் பிடிக்குமே."

"யாரு சொன்னா?"

"நீதான். பஸ்ஸில."

அவள் என்னையே பார்த்தாள். "அந்த வாசன வந்தாலே எனக்குக் கொமட்டும், மூக்க மூடிகினு ஓடுவேன்னு சொன்னேங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சுமதி தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். பிறகு பன்னை வாங்கி, நடுவிலிருந்த தேங்காயை எல்லாம் கிள்ளி எனக்குக் கொடுத்துவிட்டு, சுற்றியிருந்த ரொட்டியை மட்டும் மெல்ல ஆரம்பித்தாள். "இதுக்காகவா ஊரு பூரா சுத்துனீங்க?" என்றாள். குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

வெம்பாக்கத்துக்கு இருந்த ஒரே சாயங்கால பஸ் அதற்குள் போய்விட்டிருந்தது. ஆடியில் மாப்பிள்ளை ராத்தங்கக் கூடாது என்பதால் மாமியார் பெரிய யோசனையில் ஆழ்ந்தார். கடைசியில் கூடத்தில் மாமனாருக்கும் ரமேஷுக்கும் நடுவில் எனக்குப் பாய் விழுந்தது. இரண்டு பக்கமும் குறட்டை. உள்ளறைக் கதவுக்குக் குறுக்கே மாமியார் படுத்துக்கொண்டார். நான் மதியமே தூங்கி முடித்துவிட்டதால் விடிய விடியக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த சித்திரை பிறந்த சில நாளில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். சித்திரைச் சூட்டில் பிள்ளை பிறக்கக் கூடாது என்றுதான் ஆடியில் புது ஜோடியைப் பிரித்து வைக்கிறார்கள். குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் குழந்தையைப் பார்த்தார்கள், பிறகு விரல்விட்டு மாதத்தை எண்ணினார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு அழகான பெயர் வைத்தோம். வீட்டில் அவளை மில்லு என்று கூப்பிட ஆரம்பித்தது ரமேஷ்தான். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்றுவரை ஆரணியில் அவளுக்கு வேறு பெயர் இருப்பதே பலருக்குத் தெரியாது.

அவள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு கல்யாணப் பந்தியில், எல்லோர் முன்னாலும் கேட்டாள். "எனக்கு ஏன் மில்லுன்னு பேரு வெச்சீங்க?"

பந்தி முழுக்கச் சிரிப்பு. நான் மும்முரமாக அப்பளத்தை நொறுக்கினேன். மாமியார்தான் அவளுக்குச் சாதம் பிசைந்தபடி பதில் சொன்னார்.

"உங்கப்பா ஒரு ஆடியில மில்லுல தூங்கிட்டாரு கண்ணு. பஸ்ஸ உட்டுட்டாரு."

"பஸ்ஸ உட்டா பேரு வெப்பாங்களா?"

"ஒரு பஸ்ஸ உட்டதுக்கு யாரு பேரு வெப்பாங்க?" என்றார் மாமியார், என் பக்கம் திரும்பாமலேயே. "மறுநாளு முழிச்சிகினே இருந்து, அந்தப் பஸ்ஸயும் உட்டாரு. அதுக்குத்தான்."