உ எப்படி முதலில் போகலாம்?

பசியாவரம்,
12.4.1988

மாணவர் மாத இதழின் ஆசிரியர் அவர்களுக்கு, பசியாவரம் தனக்கோடி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நாங்களும் ஏரியும் சௌக்கியம். தங்கள் அலுவலகத்திலும் அனைவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

என் மகள் கஸ்தூரி வருகிற ஞாயிறன்று சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதுகிறாள். எங்கள் ஊருக்கு ஒரு வக்கீல் கிடைப்பது அதில்தான் இருக்கிறது. அவளோ தங்கள் இதழை நம்பிப் படிக்கிறாள். முப்பத்தோராம் பக்கத்தில் தாங்கள் கேட்டிருப்பது: அ, ஆ, இ, ஈ, உ என்று ஐந்து வக்கீல்கள், திங்கள் முதல் வெள்ளி வரை ஆளுக்கொரு நாள் வாதாட வேண்டும். இ-க்குப் புதன். உ-வுக்கு மறுநாள் ஈ. ஈ-க்குப் பிறகுதான் அ, அ-வுக்குப் பிறகுதான் ஆ. திங்கள் யார்? விடை உ என்று போட்டிருக்கிறீர்கள்.

தவறு. ஏரியில் யார் வலை எந்த நாள் எந்த இடத்தில் என்று முறை வைப்பதற்குப் பாடு என்று பெயர். இருபது வருடமாக ஊருக்குப் பாடு எழுதுகிறவன் நான். போன முறை கடைசியில் போனவர் இந்த முறை முதலில் போக வேண்டும். போன வாரம் கடைசி யார் என்றே தாங்கள் சொல்லவில்லை. உ வீட்டில் துக்கம் என்றால் முறை மாறும், அதுவும் சொல்லவில்லை. சரி, எழுத்துக்குப் பதில் ஆளை வைத்துப் பார்ப்போம் என்று உ-வுக்குக் குப்பன், ஈ-க்குத் தருமன், அ-வுக்கு என் பங்காளி தாமோதரன் என்று கோயில் சுவரில் சாக்கட்டியால் எழுதினேன், பாடும் அதே சுவரில்தான் எழுதுவேன் என்பது தோன்றவில்லை, டீ குடித்துவிட்டு வந்தால் குப்பன் வலையோடு ஏரிக்குப் போய்விட்டான், தருமன், "இன்னாண்ணே, நாளைக்கு எனக்கா? ஊட்ல விசேசம் வச்சிக்கினு எப்பிடி போறது?"னு நிக்கிறான், தாமோதரன் தோள் துண்டை உதறிக்கினு வந்துட்டான்.

"எப்பப் பாரு என்னியே பின்னால தள்ற. இன்னா நெனச்சிக்கினு கீற நீ?"

"இது பரீட்சைக் கேள்விப்பா. இதுல நீ வெறும் அ."

"யாருடா அ?"

தங்கள் விடையால் ஊரே இரண்டுபட்டதுதான் அது தவறு என்பதற்கு அத்தாட்சி. ஆகவே ஞாயிறுக்குள் தவறை ஒப்புக்கொண்டு தந்தி கொடுக்கவும். தங்கள் இதழ் பல்லாயிரம் விற்க எங்கள் அம்மன் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
தனக்கோடி

பி.கு.: ஒட்டுவதற்கு முன் கஸ்தூரி இதைப் படித்துவிட்டாள். தங்கள் விடை சரிதானாம். "கேள்வில கீறத மட்டும் பாக்கணும் நைனா"னு சொல்லிவிட்டு, அதே முறையில் என் பாடு நோட்டையும் பார்த்தாள். நான்கு வருடத்தில் தாமோதரனுக்கு ஒன்பது தடவை முதல் பாடு வந்திருக்க வேண்டுமாம். ஒன்றும் வரவில்லை. ஒன்பதும் எனக்கு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவள் தேறிவிடுவாள், எனக்குச் சந்தேகமே இல்லை, தந்தி வேண்டாம். தங்களுக்குத் தெரிந்த வக்கீல் யாராவது இருந்தால் முகவரி மட்டும் அனுப்பவும். என் மகள் தாமோதரன் பக்கம் போய்விட்டாள்.