பத்து உறைகளும் ஒரு கையும்

ரோமப் பேரரசைக் கவிழ்த்தது காட்டுமிராண்டிப் படையும் அல்ல, கொள்ளைநோயும் அல்ல, ரொட்டி.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஒரோன்ஸோ. இத்தாலியில், லெச்சே நகருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். சொன்ன சமயத்தில் அவர் கையில் சவரக்கத்தி இருந்தது. கத்திக்குக் கீழே ஒரு வாடிக்கையாளரின் கழுத்து இருந்தது. அதனால் யாரும் மறுக்கவில்லை.

உண்மையில் இது அவர் சரக்கு அல்ல. மாயெஸ்த்ரோ, அதாவது ஆசான், எவாரிஸ்தோவின் சரக்கு. வெள்ளிக்கிழமைதோறும் உள்ளூர்த் தொலைக்காட்சியில் வெள்ளைக் கோட்டுடன் தோன்றும் மகான் அவர். கோட்டு மருத்துவருடையது போலிருக்கும். அவர் அதற்கு முன் சோபா விற்றுக்கொண்டிருந்தார். ‘ஆறு பேரில் ஐந்து பேர் வயிற்றில் ரகசியக் கோதுமை விஷம்!’ என்று நாளிதழ் போட்டது. எங்கிருந்து தெரிந்தது என்றால், தொலைக்காட்சி சொன்னதாம். தொலைக்காட்சிக்கு மாயெஸ்த்ரோ சொன்னாராம். மாயெஸ்த்ரோவுக்கு? அவர்தான் நாளிதழைத் தூக்கிக் காட்டி, “பாருங்க, பேப்பர்லயே வந்துடுச்சு” என்கிறாரே!

அவருக்கு ரத்தம் வேண்டாம், சோதனைச்சாலை வேண்டாம். உங்கள் இடக்கையில் ஒரு கோதுமைப் பொட்டலம். வலக்கையை நீட்ட வேண்டும். அவர் இரண்டு விரலால் அழுத்துவார். கை விழுந்தால் விஷம். விழாவிட்டால் சுகம். விழுந்தவர்களுக்கு, உடம்பிலிருந்து குளூட்டனை உறிஞ்சும் செம்புக் காப்பு அங்கேயே கிடைக்கும். குளூட்டன் என்பது கோதுமை மாவைப் பிசைந்தால் இழுத்துப் பிடிக்கிறதே, அந்தப் புரதம். அது செம்பிடம் மயங்கி வெளியே வந்ததாக எந்தக் குடலும் இதுவரை சாட்சி சொல்லவில்லை.

போன மாதம் ஒரோன்ஸோவின் கை நேரலையில் தொப்பென்று விழுந்தது. எருமையைத் தூக்கி நிறுத்தக்கூடிய கை அது. ஊரே பார்த்தது. அன்று முதல் ரொட்டி தொடாமல், காப்பும் கையுமாகத் திரிந்தார்.

அதே மேடையில் அவர் மகள் அஸ்ஸுந்தாவும் கையை நீட்டினாள். பதினைந்து வயது. இரண்டு வருடமாக வயிற்றுவலி, வெளுத்த முகம், கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் ஊற்றி வைக்கலாம். அவள் கை விழவில்லை. எல்லாக் கையும் விழுந்துகொண்டே இருந்தால் நிகழ்ச்சி சலிக்காதா? “இவளுக்குக் கோதுமை நண்பன். தக்காளிதான் பகை,” என்றார் மாயெஸ்த்ரோ. பெண்ணுக்கு வேளாவேளைக்கு ரொட்டி. கல்லுமாதிரி இருந்த அப்பாவுக்குப் பட்டினி.

ஒரோன்ஸோவின் அக்கா இம்மாகொலாதா மாதா கோயில் சாமான்களைப் பார்த்துக்கொள்பவள். அவளுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சீலியாக் நோய். கோதுமை உள்ளே போனால் அவள் உடம்பே அவள் குடலைத் தாக்கும். அதனால் திருப்பலியில் அவளுக்கு மட்டும் தனி டப்பா. அதில் குளூட்டன் நீக்கிய அப்பம். ஆண்டவரின் உடலாகவே மாறினாலும் கோதுமை கோதுமைதான் என்று அவள் குடல் பிடிவாதமாகச் சொல்லிவிட்டது.

“டேய், புள்ளைக்கு ரத்தம் எடுத்துப் பாருடா. எனக்கு வந்த மாதிரியே இருக்கு,” என்று கடைக்கே வந்து நின்றாள்.

“ரத்தத்தை உறிஞ்சித் தெரிஞ்சுக்கிறவன் டாக்டரா, கொசுவா அக்கா?”

நாற்காலியில் இருந்தவர் சிரித்தார். கத்தி கழுத்தில் இருக்கும்போது சிரிப்பது நல்லது.

“போன செவ்வாய்க்கிழமை பஸ்ஸுலயே மயங்கி விழுந்திருக்காடா!”

“யாரோ தக்காளி குடுத்திருப்பாங்க.”

இம்மாகொலாதா ஒரு விரலை நீட்டினாள். “சரி. வர்ற வெள்ளிக்கிழமை நம்ம கோயில் மண்டபத்துலதானே நிகழ்ச்சி? உன் மாயெஸ்த்ரோவுக்கு நான் ஒரு பரீட்சை வைக்கிறேன். அவர் ஜெயிச்சா, மேடையிலேயே நான் ஒரு முழு ரொட்டி தின்னுறேன். தோத்தா, மறுநாளே புள்ளைக்கு ரத்தப் பரிசோதனை. கையெழுத்து நீ போடணும்.”

“அக்கா, உனக்கு ரொட்டி ஆகாதே.”

“அப்போ எனக்கு எவ்வளவு நம்பிக்கைன்னு யோசிச்சுக்கோ.”

வெள்ளிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. இம்மாகொலாதா பத்து உறைகளுடன் மேடை ஏறினாள். நிகழ்ச்சி நடத்தும் பெண்ணுக்கு வாயெல்லாம் பல். நேரலையில் சண்டை என்றால் விளம்பரத்தையே தள்ளிப்போடலாம். பாதிரியார் தோன் இப்பாசியோ விளக்கினார்: “பூசையில வெச்சு இன்னும் அர்ச்சிக்காத வெறும் அப்பம் பத்து. அஞ்சு சாதா, அஞ்சு குளூட்டன் இல்லாதது. பார்க்க ஒரே மாதிரிதான். உள்ளே சீட்டு வெச்சு ஒட்டி, குலுக்கினது நான். எது எதுன்னு இப்போ எனக்கே தெரியாது.”

“இது என்ன விளையாட்டு?” என்றார் மாயெஸ்த்ரோ.

“உங்க விளையாட்டேதான் ஐயா,” என்றாள் இம்மாகொலாதா. “பொட்டலத்தைக் கையில குடுத்தா உடம்பு கண்டுபிடிச்சிடும்னு நீங்கதானே சொல்றீங்க? உடம்புக்குக் கண்ணு எதுக்கு?”

கூட்டம் கைதட்டியது. தங்கள் மகான் ஜெயிக்கப் போகிறார் என்றுதான் தட்டியது. மாயெஸ்த்ரோவால் பின்வாங்க முடியவில்லை. புகழ்பெற்ற கையைச் சுமந்துகொண்டு ஒரோன்ஸோவும் மேடைக்கு வந்தார்.

முதல் உறை: கை விழுந்தது. இரண்டாவது: விழுந்தது. மூன்றாவது: தூண் போல நின்றது. ‘ஆ’ என்றது கூட்டம். இப்படியே பத்தும் முடிந்தன. ஆறு விஷம், நான்கு சுகம்.

தோன் இப்பாசியோ உறைகளைக் கிழித்துச் சீட்டுகளை வாசித்தார். விஷம் என்ற ஆறில் நான்கு குளூட்டன் இல்லாதவை. சுகம் என்ற நான்கில் மூன்று சுத்தமான கோதுமை. பத்துக்கு மூன்று. ஒரு காசைச் சுண்டிப் போட்டிருந்தால்கூட ஐந்தாவது தேறியிருக்கும். அதற்குக் கோட்டும் வேண்டாம்.

“பசை!” என்று கத்தினார் மாயெஸ்த்ரோ. “உறையை ஒட்டின பசையில கோதுமை இருக்கு! அதான் கை விழுந்துச்சு!”

“பத்து உறையிலும் அதே பசைதான். அப்போ நாலு உறைக்கு ஏன் விழலை?” என்றாள் இம்மாகொலாதா. பிறகு, “கொஞ்சம் கையை நீட்டுங்க ஐயா,” என்றாள்.

கேமரா பார்த்துக்கொண்டிருந்ததால் நீட்டினார். மற்றக் கையில் ஒன்றும் இல்லை. முழங்கைக்கு மேலே அழுத்தினாள், கை நின்றது. மணிக்கட்டில் அழுத்தினாள், தொப்பென்று விழுந்தது.

“அவ்வளவுதான் வித்தை. எங்க அழுத்துறோம்ங்கிறதுதான். எல்லாரும் இவர் சொன்னதும் கையை நீட்டுனீங்களே, ஒருத்தருக்காவது ‘எங்கே, மறுபடி செய்யுங்க, நான் கண்ணை மூடிக்கிறேன்’னு கேக்கத் தோணுச்சா?”

முதலில் யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. மாயெஸ்த்ரோ ஒலிவாங்கியைக் கழற்றாமலே இறங்கிப் போனதால், காரோட்டியிடம் “சீக்கிரம் எடு, சீக்கிரம் எடு” என்று அவர் சொன்னதும் நேரலையில் கேட்டது. அவர் அன்று சொன்னவற்றில் அது ஒன்றுதான் சரியான யோசனை.

ஒரோன்ஸோ மட்டும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மடியில், அப்பா கட்டிக்கொடுத்த ரொட்டி பாதி தின்ற நிலையில் இருந்தது.

மறுநாள் கையெழுத்துப் போட்டார். முடிவு வந்தது; பிறகு குடலையும் பார்த்து உறுதி செய்தார்கள். சீலியாக்தான். ஆசுபத்திரி வராந்தாவில் அஸ்ஸுந்தா கேட்டாள்: “அப்பா, அப்போ தக்காளி?”

“எவ்வளவு வேணும்னாலும் தின்னும்மா,” என்றார்.

மருத்துவர் அம்மாள் அவரையும் உட்காரச் சொன்னார். “அக்காவுக்கு இருக்கு, மகளுக்கு இருக்கு, நடுவுல நீங்க இருக்கீங்க. உங்களுக்கும் ரத்தம் எடுக்கணும். கடைசியா எப்போ ரொட்டி சாப்பிட்டீங்க?”

ஒரோன்ஸோ செம்புக் காப்பைச் சட்டைக்கைக்குள் இழுத்துவிட்டார். “ஒரு... ரெண்டு மாசம் இருக்கும்.”

“அப்போ இப்ப எடுத்துப் பிரயோஜனம் இல்லை. கோதுமையை நிறுத்திட்டா நோய் இருந்தாலும் ரத்தத்துல தெரியாமப் போயிடும். ஆறு வாரம் தினமும் ரெண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டுட்டு வாங்க. உங்க ஊர்க்காரங்க பதினோரு பேருக்கு இதையே சொல்லி அனுப்பினேன். ஒவ்வொருத்தரும் ‘பக்கத்து வீட்டுக்காரருக்காகக் கேக்க வந்தேன்’ங்கறாங்க. டி.வி.க்கு முன்னாடி மூளையைக் கழட்டி வெச்சா பரவாயில்ல, அணைச்சதும் திரும்ப எடுத்துக்க வேணாமா?”

ஆறு வாரமும் ஒரோன்ஸோவின் கடை பகல் பதினொரு மணிக்குப் பத்து நிமிடம் பூட்டியிருந்தது. உள்ளே அவர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு துண்டு ரொட்டியைச் சத்தமில்லாமல் மென்றார். நாற்பத்து மூன்றாம் நாள், ஊர் விழிக்குமுன் ஆசுபத்திரிக்குப் போய், கொசுவுக்கான வரிசையில் முதல் ஆளாக நின்றார்.