லாக்கப்புக்குப் போன ஆம்லெட்

"கொலைகாரனுக்கு ஆம்லெட்டா?" என்று ஒரு செல்போன் கத்தியபோது, சண்முகையா இன்னொரு ஆம்லெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். தோசைக்கரண்டி அந்தரத்தில் நின்றது.

"இன்னொருக்க போடுங்க தம்பி," என்றார், வீடியோ பார்த்துக்கொண்டே சாப்பிட்ட வாடிக்கையாளரிடம்.

வீடியோவில் ஸ்டேஷன் வாசல். ஒரு பைக். போலீஸ்காரர் ஒருவரின் கை மட்டும் தெரிகிறது. அந்தக் கை ஒரு துணிப்பைக்குள் இருக்கும் பொட்டலத்தை லேசாகப் பிரித்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறது. உள்ளே மிளகு தூவிய ஆம்லெட் ஒன்று பளபளவென்று படுத்திருக்கிறது. கை ஏட்டு சுடலைமணியுடையது. ஆம்லெட் யாருடையது என்று சண்முகையாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பெற்ற பிள்ளையைத் தெரியாதா?

பனவடலிசத்திரம் பக்கத்துத் தோப்பில் ஒரு நிலத் தரகரைக் கொன்றதாக ஓர் ஆளைப் பிடித்திருந்தார்கள். கோர்ட்டில் அனுமதி வாங்கி, செவ்வாய்க்கிழமையில் இருந்து விசாரணைக்காக ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து சங்கரன்கோவிலில் வேறு பேச்சே இல்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவனை நாலைந்து முறை தூக்கில் போட்டாகிவிட்டது. கோமதி அம்மன் சன்னிதி வரிசையில் நின்றவர்கள் ஜாமீன் கிடையாது என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பூ மார்க்கெட்டில் ஒரு அம்மாள் மட்டும், "அவந்தான் செஞ்சான்னு தெரிஞ்சிட்டா?" என்று கேட்டுத் தொலைத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஸ்டேஷனுக்கு எதிர்த் தெருவில் சண்முகையாவின் மெஸ். முன்னால் மெஸ், பின்னால் வீடு. இரண்டுக்கும் அடுப்பு ஒன்றுதான். காவலில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு அங்கிருந்துதான் போகும்; ஊரில் அது அநேகம் பேருக்குத் தெரியாது. இந்த முறை சுடலைமணி வந்து, "ஒரு சாப்பாடு, ஒரு மோர்ச்சோறு, ஒரு ஆம்லெட்டு" என்றார். சண்முகையாவும் யாருக்கு என்ன என்று கேட்காமல் கட்டிக் கொடுத்தார். அதில் என்ன தப்பு?

தப்பு, அந்த வீடியோவுக்குக் கீழே வந்த குரல் பதிவில் இருந்தது.

"மக்களே! இந்த அநியாயத்தக் கேட்டீங்களா? நான் செவ்வாக்கெழம இருந்து ஸ்டேஷன் பெஞ்சில உக்காந்து மனு குடுத்துக்கிட்டு இருக்கேன். அவனுக்கு வக்கீல் வைக்கக்கூடாது, பாயி தலகாணி குடுக்கக்கூடாதுன்னு. இன்ஸ்பெக்டர் மரியாதை தெரிஞ்ச மனுசன், மத்தியானம் எனக்கு அவரு வீட்டுச் சாப்பாடே குடுத்து உபசரிக்காரு. ஆனா அவருக்குத் தெரியாம உள்ள ஆம்லெட்டு போகுது! எந்தக் கடை அதுன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்!"

அந்தக் குரல் மகாராஜனுடையது. தாலுகா ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், நீதி கேட்போர் பேரவையின் தலைவர். உறுப்பினர் யார் என்று இதுவரை தெரியவில்லை. அது கிடக்கட்டும். அவருடைய மகன் கோகுலுக்குத்தான் சண்முகையாவின் மகள் வேல்விழியைப் பேசியிருந்தது.



போன ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தபோதே மகாராஜன் சட்டம் பேசினார். சண்முகையாவின் மனைவி முத்துத்தாய் காபி கொண்டுவந்தாள். கையை நீட்டித் தடுத்துவிட்டார். கையோடு கொண்டுவந்த பாட்டில் தண்ணீரைத்தான் குடித்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. பேசி முடிவாகாம பொண்ணு வீட்டுல நாங்க கை நனைக்க மாட்டோம். கை நனைச்சாச்சுன்னா அது வாக்குக் குடுத்த மாதிரி. எங்க வம்சத்துல கை நனைச்ச பெறவு பின்வாங்குனவன் எவனும் கெடையாது. வெள்ளிக்கெழம நல்ல நாளு, வந்து முடிவு சொல்லுதேன்."

மகாராஜனின் மனைவி முத்துமாரி மட்டும் காபித் தம்ளரை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டே எழுந்து போனாள். அவளுக்குப் பெண்ணையும் பிடித்திருந்தது, காபி வாசனையும் பிடித்திருந்தது.

அன்றிலிருந்து வேல்விழிக்கும் கோகுலுக்கும் போன் பேச்சு. அவள் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தைச் சண்முகையா பார்த்ததே இல்லை. ஓர் ஆம்லெட்டால் அது அணைந்துவிடுமோ என்று நினைத்தபோதே அவருக்குக் கண்ணைக் கரித்தது.

"அப்பா, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்," என்றாள் வேல்விழி. "வெள்ளிக்கெழம வரைக்கும் வாயத் தெறக்காம இருந்தாலே போதும்."

நல்ல யோசனைதான். ஆனால் மெஸ் நடத்துகிறவன் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா?

அன்று மத்தியானமே சாப்பிட வந்த கூட்டம் அந்தக் கடையைத் தேடிப்போய்க் கல்லெறிய வேண்டும் என்று பேசியது.  மூலையில் வக்கீல் ரிஸானா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இலவச சட்ட உதவியில் அந்த ஆளுக்காக ஆஜராகிறவள் அவள்தான். அவள் வழக்கமாகச் சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் சண்முகையாவுக்கும் மனப்பாடம்.

"அதுக்கில்லவே," என்றார் பொதுவாக. "கோர்ட்டு தீர்ப்புச் சொல்லுத வரைக்கும் அவன் குற்றவாளி இல்லல்லா. காவல்ல இருக்கவனுக்குச் சோறு போடணும், வக்கீல பாக்க விடணும். அது சட்டம். ஆம்லெட்டு போடக்கூடாதுன்னு சட்டத்துல எங்கன இருக்கு?"

ரிஸானா கைதட்டினாள். அந்தக் கைதட்டலையும் சேர்த்து ஒருவன் படம் பிடித்துவிட்டான். சாயங்காலத்துக்குள் 'கொலைகாரனுக்கு வக்காலத்து வாங்கும் மெஸ்காரர்' ராயகிரி வரைக்கும் போய்விட்டார்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மகாராஜனே போன் போட்டார். சண்முகையாவின் கையெல்லாம் மாவு. அவசரத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார்.

"என்னவே சண்முகையா, சம்மந்தம் பேசுத எடத்துல இருந்துக்கிட்டு இப்படிப் பேசலாமா? எம் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்க?"

"ஐயோ அண்ணாச்சி, அது சும்மா பேச்சுக்குச் சொன்னது!"  மகளின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டுமே. "அந்தப் பயலுக்கு எவனாவது நல்ல சோறு போடுவானா? எங் கடையில இருந்து போச்சுன்னு வைங்க, நான் ஊசிப்போன சோறுதான் கட்டிக் குடுப்பேன்! முந்தாநாத்து சாம்பார ஊத்துவேன்!"

மகாராஜன் சமாதானமாகிப் போனை வைத்தார். நிமிர்ந்து பார்த்தால் மெஸ்ஸில் ஒரு வாய்கூட அசையவில்லை. சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தவர்கள் பிசைந்தபடியே அதை முகர்ந்து பார்த்தார்கள். ஒருவர் எழுந்தார். அப்புறம் வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள்.

"ஏ மக்கா, உக்காருங்க! காலையில வச்ச சாம்பாரு! கோமதி அம்மன் மேல சத்தியமா காலையில வச்சது!"

ஒருவரும் உட்காரவில்லை. ரிஸானா மட்டும் கை கழுவிவிட்டு நேராக அவரிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, காவல்ல இருக்கவருக்குக் கெட்டுப்போன சாப்பாடு குடுக்காங்களோன்னு எனக்கு இப்பம் சந்தேகமா இருக்கு. எந்தக் கடையில இருந்து போகுதுன்னு விசாரிக்கச் சொல்லி கோர்ட்டுல மனு போடப்போறேன்."

அவள் அந்தப் பக்கம் போனதும் முத்துத்தாய் அடுக்களையில் இருந்து வந்தாள்.

"முந்தாநாத்து சாம்பாரா? எங் கையால வச்ச சாம்பார ஊரு முழுக்கக் கேவலப்படுத்தியாச்சா? நல்லா இருப்பீய."

நல்ல சோறு போட்டேன் என்றால் மகள் கல்யாணம் போச்சு. கெட்ட சோறு போட்டேன் என்றால் கடை போச்சு, கோர்ட்டும் வந்தாச்சு. சண்முகையா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குப் பார்சல் வாங்க வந்த சுடலைமணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டையா, ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன். நாளையில இருந்து கொல்லப்பக்கமா வாங்க. எங் கடைப் பேரு வெளிய தெரிஞ்சா எம் மக வாழ்க்கையே போயிரும். ஊருக்காரன் கல்லெடுத்து எறிஞ்சாலும் எறிவான்."

சுடலைமணி தங்கமான மனுசர். அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டால் தாங்காது. நேராகப் போய் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். இன்ஸ்பெக்டரும் நல்லவர். ஆக, வெள்ளிக்கிழமை காலையில் சண்முகையா கடையைத் திறந்தபோது வாசலில் லத்தியோடு இரண்டு போலீஸ்காரர்கள் காவலுக்கு நின்றார்கள்.

"என்ன காவலு?" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்டார்கள்.

"லாக்கப்புக்குச் சாப்பாடு போடுத கடை. பாதுகாப்புக்காக," என்று போலீஸ்காரர்கள் பொறுப்பாகப் பதில் சொன்னார்கள்.

பாதிப்பேர் அந்த விளக்கத்துக்கும் காத்திருக்கவில்லை. சண்முகையாவையே கைது செய்துவிட்டார்கள் என்று சிவகிரி பஸ்ஸில் ஏறிப் போனவர்கள் சிவகிரியில் போய்ச் சொன்னார்கள். அங்கிருந்து சொந்தக்காரர்கள் துக்கம் விசாரித்துப் போன் போட்டார்கள்.

உச்சிவேளையில் மகாராஜன் வந்து இறங்கினார், முத்துமாரியோடு. கையில் தண்ணீர் பாட்டில். ஸ்டேஷன் பெஞ்சுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருந்தார். முகம் சிவந்து கிடந்தது.

"அப்பம், அந்த ஆம்லெட்டு ஒம்ம கடை ஆம்லெட்டுதானா?"

சண்முகையாவுக்கு இனி மறைக்கத் தெம்பில்லை. "ஆமா அண்ணாச்சி," என்றார். "நல்ல சோறுதான் போட்டேன். சாம்பாரும் அன்னைக்கு வச்சதுதான். பசிச்சவன் இன்னாருன்னு பாத்து எனக்குச் சோறு போடத் தெரியாது. தப்புன்னா என்னையப் பேசுங்க. எம் பிள்ளைய விட்டுராதீங்க."

கதவுக்குப் பின்னால் நின்ற வேல்விழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா வாயைத் திறந்ததற்காக அவளுக்கு முதல்முறையாகக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"நல்ல மனுசன்தாங்க," என்று முத்துமாரி இழுத்தாள். "பேசாம முடிச்சிரலாம்."

"நீ சும்மா இரு! கொலைகாரனுக்குப் போன அடுப்புச் சோத்துல நாம கை நனைக்கவா?" மகாராஜனுக்குக் குரல் ஏறியது. ஏறிய வேகத்தில் கால் லேசாகத் தள்ளாடியது. சுகர்காரர்; சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. "கை நனைக்காம இருந்ததே நல்லதாப் போச்சு. வாக்கும் குடுக்கல, வம்பும் இல்ல. இந்தச் சம்மந்தம் நமக்கு..."

"அண்ணாச்சி! நீங்க இங்கனயா இருக்கீய?"

கொல்லைப்பக்க வழியாக, சண்முகையா சொன்ன சொல் தவறாமல், ஏட்டு சுடலைமணி பையோடு உள்ளே வந்து நின்றார். மகாராஜனைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது.

"ஒங்கள பெஞ்சில காணலன்னு இன்ஸ்பெக்டர் தேடுதாரு. 'பெரியவரு சுகர்காரரு, ஸ்டேஷன்ல மயங்கி விழுந்தாருன்னா எவம் பதில் சொல்ல, மொதல்ல அவரு பார்சல வாங்கிக் குடு'ன்னு சத்தம் போடுதாரு."

"எந்தப் பார்சலு?" மகாராஜனின் குரல் பாதியாக இறங்கிவிட்டது.

"மத்தியானம் இன்ஸ்பெக்டர் குடுக்காருன்னு தினமும் சாப்பிடுதீயளே, அதுதான். இங்கன இருந்துதான வாங்கிட்டு வாரேன். உள்ள இருக்கவன் முட்டையே தொடமாட்டான் அண்ணாச்சி, அவனுக்கு மோர்ச்சோறு போதும். சாப்பாடும் ஆம்லெட்டும் ஒங்களுக்குல்லா."

கல்லில் கிடந்த ஆம்லெட் சொய்யென்று சத்தம் போட்டது.  மகாராஜன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமலே மூடினார்.

முத்துமாரி நிதானமாக ஒரு பெஞ்சை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ஏட்டி வேல்விழி, எனக்கும் ஒரு எலையப் போடு. ஒங்க மாமா செவ்வாக்கெழமையே கை நனைச்சாச்சு."