ஆறு ஸ்பீக்கர், ஒரு நாற்காலி

இசையைக் காதால் கேட்கிறோம் என்றொரு நம்பிக்கை உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. படித்தவர்களும் இதை நம்புகிறார்கள் என்பதுதான் வேதனை. இந்தப் பிழையை உடனே திருத்திவிடுகிறேன். மனிதன் இசையைக் கேட்பது, இருக்கும் இடத்தால். காது வெறும் துளை. இடம் தவறினால், எப்பேர்ப்பட்ட பாடகர் பாடினாலும் குழாய் அடைத்துக்கொண்ட மாதிரிதான் கேட்கும்.

இந்த உண்மையை நான் இசை ஆர்வத்தால் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. விடுமுறை நாளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் நேரத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கண்டுபிடித்தேன்.

அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான். வாரமெல்லாம் ஊரார் தவறுகளைச் சுமந்து களைத்த உடம்பு, விடுமுறை மதியத்தில் ஹாலில் இருக்கும் சாய்வு நாற்காலியைத் தேடும். நான் கண்ணை மூடவும் சமையலறையிலிருந்து குரல் வரவும் சரியாக இருக்கும்.

"என்னங்க, பாத்திரம் அப்படியே கிடக்கு. கொஞ்சம் வந்து கழுவக் கூடாதா?"

"செரிமான நேரம்மா. சாப்பிட்ட உடனே நிக்கக் கூடாது."

"நான் மட்டும் பட்டினியாவா இருக்கேன்?"

நியாயமான கேள்வி. என் மனைவி தையல் கடை நடத்துகிறாள். வாரம் முழுவதும் நின்றபடியே துணி வெட்டுகிறாள். கேள்வி நியாயமாக இருந்ததால்தான் பதிலுக்குக் குறட்டை விட்டேன். செரிமானம், முதுகுவலி, குறட்டை என்று ஒவ்வொன்றாகச் செல்லாக்காசாகிக்கொண்டே வந்தன. அசைக்க முடியாத காரணம் ஒன்று வேண்டியிருந்தது. என்னை நாற்காலியிலிருந்து எழுப்பினால் விஞ்ஞானமே கவிழ்ந்துவிடும் என்கிற அளவுக்கு.

அப்படிப்பட்ட காரணம் ஒரு நாள் படிக்கக் கிடைத்தது. வீட்டைச் சுற்றி ஆறு ஸ்பீக்கர். ஒவ்வொன்றுக்கும் தனி ஒலி, தனி ஆம்ப்ளிஃபையர். எல்லாவற்றையும் நெட்வொர்க் கேபிள் வழியாக மேய்ப்பது உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர். இதை நம் கையாலேயே கட்டிக்கொள்ளலாம். இதில் என்னைச் சொக்கவைத்தது இசை அல்ல. ஆறு ஸ்பீக்கரின் ஒலியும் சேர்ந்தாற்போல் வந்து இறங்கும் இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அங்கே ஒருவர்தான் உட்கார முடியும். அவர் எழுந்தால் எல்லாம் போச்சு.

மனைவியிடம் விளக்கினேன்.

"பக்கத்துல இருக்கிற ஸ்பீக்கர் சத்தம் முதல்ல வந்துடும். தூரத்துல இருக்கிறது பின்னால வரும். அதனால பக்கத்துல இருக்கிறதைக் கம்ப்யூட்டர் கொஞ்சம் நிறுத்தி வச்சு அனுப்பும். எல்லாம் ஒண்ணா வந்து சேரும்."

"யார்கிட்ட?"

"கேக்கிறவர்கிட்ட."

"அவர் எங்க இருக்கார்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அவர் காது இருக்கிற இடத்துல ஒரு மைக் வைக்கணும். ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒரு விசில் அடிக்கும். மைக் அதைக் கேட்டு அளவு எடுத்துக்கும். அதுக்கப்புறம் மெஷின் சொல்றதுதான் சட்டம். மனுஷங்க காதை நம்பவே கூடாது."

"ஓ, அளவு எடுக்கிறதா?" கையிலிருந்த ரவிக்கையின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அப்ப சரி. கட்டுங்க."

எதிர்ப்பு வரும் என்று தயாரித்து வைத்திருந்த வாதங்கள் அத்தனையும் வீண். கேபிள் இழுக்கும்போது அவற்றை எனக்கே சொல்லிக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தன.

எங்கள் வீட்டில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே சுவர் கிடையாது. இடுப்பளவு மேடை மட்டும். ஹாலின் மூலைகளில் நான்கு ஸ்பீக்கர், சமையலறை அலமாரிகள் மேல் இரண்டு. மரப்பெட்டிகளை நானே அறுத்தேன். முதல் பெட்டியில் எந்தப் பக்கமும் எந்தப் பக்கத்தோடும் ஒத்துப்போகவில்லை. மனைவி தன் தையல் ஸ்கேலை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்து, முன்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் மனஸ்தாபப்பட்ட சம்பந்திகள் மாதிரி நின்றன. ஒன்று பேசினால் மற்றது பேசாது. நெட்வொர்க்கில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி முகவரி கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே முகவரியைக் கொடுத்திருந்தேன். அடுத்தவர் பிழையைத் திருத்துவது வேறு, தன் பிழையைக் கண்டுபிடிப்பது வேறு.

கடைசியில் அளவெடுக்கும் நாள் வந்தது. கீழ்வீட்டில் ஒரு நர்ஸம்மா இருக்கிறார். இரவு வேலை, பகலில் தூக்கம். அவர் தலைக்கு மேல் ஆறு ஸ்பீக்கர் மாற்றி மாற்றி விசில் அடிக்க அனுமதி வாங்க வேண்டும். எனக்குத் தைரியமில்லை. மனைவிதான் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"ஒரே ஒரு தடவைதானாம். மறுபடி அந்தச் சத்தம் கேட்டா மேல ஏறி வந்துடுவேன்னு சொல்றாங்க."

"ஒரு தடவை போதும். விஞ்ஞானம் ரெண்டாவது தடவை கேக்காது."

நாற்காலியில் என் தலை சாயும் இடத்தில் மைக்கை நிறுத்தினேன். மனித உடம்பு ஒலியைக் குடித்துவிடும் என்பதால் நான் லேப்டாப்போடு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஏற்பாடு.

"நீயும் உள்ள வந்துடு."

"அடுப்புல பால் இருக்குங்க. ஓரமா மூச்சு விடாம நிக்கிறேன்."

கதவைச் சாத்தினேன். விசில் உறுமலில் ஆரம்பித்துக் கீச்சுக் குரலில் முடிந்தது. ஆறு தடவை. திரையில் ஆறு பச்சைப் புள்ளிகள். வெளியே வந்து பார்த்தேன். மைக் நாற்காலியில் நின்றது, பால் காய்ந்திருந்தது, மனைவி புன்னகைத்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த விடுமுறை மதியம் திறப்பு விழா. சாப்பாட்டுக்கு மனைவியின் அண்ணனையும் அழைத்திருந்தேன். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். எதற்கும் பதறமாட்டார். கை கழுவியதும் சாய்வு நாற்காலியில் அமர்ந்தேன். சமையலறையில் பாத்திரம் குவிந்திருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள்.

"எழுந்திருக்க முடியாதும்மா," என்றேன் வருத்தத்தோடு. "அளவு கெட்டுடும்."

பாட்டைப் போட்டேன்.

புல்லாங்குழல் செருப்பு அலமாரியிலிருந்து வந்தது. மேளம் என் முதுகுக்குப் பின்னால் யாரையோ துரத்திக்கொண்டு ஓடியது. பாடகியைக் காணவே இல்லை.

"மாப்ளே," என்றார் மைத்துனர், "பாடுறவங்க உங்க சமையலறைக்குள்ள போயிட்டாங்க போலிருக்கே."

"கேபிள் லூசா இருக்கும்."

"அப்படியே நேரா போங்க. லேசா இடது பக்கம் ஒடிங்க. அவசரப்படாதீங்க."

பாடகியைத் தேடி நடந்தேன். மேடையைத் தாண்டியதும் புல்லாங்குழல் செருப்பை விட்டு வெளியே வந்தது. ஃப்ரிட்ஜைத் தாண்டியதும் மேளம் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தது. இன்னும் ஓர் எட்டு வைத்தேன். ஆறு ஸ்பீக்கரும் மறைந்துபோயின. எனக்கு முன்னால், கைநீட்டினால் தொடும் தூரத்தில், பாடகி நின்று மூச்சை உள்ளிழுத்தாள். உடம்பு சிலிர்த்துக் கண்ணை மூடினேன். திறந்தபோது தண்ணீர்க் குழாய் தெரிந்தது.

நான் சிங்க்கின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"நல்லா கேக்குதாங்க?"

"நீ... மைக்கை இங்க மாத்தி வச்சியா?"

"பின்ன? யாருக்குத் தைக்கிறோமோ அவங்க நிக்கிற இடத்துலதானே அளவு எடுக்கணும்?"

"நான் இங்க நின்னதே இல்லையே!"

"அதனாலதான் மார்க் பண்ணி வச்சேன்."

"உயரம்கூடச் சரியா இருக்கே."

"உங்க காது உயரம் எனக்குத் தெரியாதா? உங்க சட்டையெல்லாம் யாரு தைக்கிறாங்க?"

"திரும்ப அளவெடுப்பேன்."

"தாராளமா எடுங்க. கீழ போய் நர்ஸம்மாகிட்ட நீங்களே கேட்டுட்டு வாங்க."

கையில் ஊசி வைத்திருக்கிறவர்களோடு நான் விவாதம் வைத்துக்கொள்வதில்லை. வீட்டில் இருக்கும் தையல் ஊசியே அதிகம். ஆதரவு தேடி மைத்துனரைப் பார்த்தேன்.

"மெஷின் சொல்றதுதான் சட்டம்னு சொன்னீங்களாமே மாப்ளே," என்றார் அவர். தங்கை எல்லாவற்றையும் முன்பே சொல்லி வைத்திருக்கிறாள்.

பாட்டின் இரண்டாவது சரணம் ஆரம்பித்தது. நகர மனம் வரவில்லை. சும்மா நிற்கிற கை எதையாவது தேடும் அல்லவா? ஒரு டம்ளர் அகப்பட்டது. அடுத்து ஒரு தட்டு. வயலின் உருகிக்கொண்டிருந்த இடத்தில் அடிப்பிடித்த பால் பாத்திரத்தைத் தேய்த்து முடித்திருந்தேன். எப்போது ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு சுகத்தை அந்தச் சாய்வு நாற்காலி எனக்கு ஒரு நாளும் கொடுத்ததில்லை.

நாற்காலியில் மனைவி காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள்.

"அங்க எப்படிம்மா கேக்குது?"

"பாட்டு சுமார்தான். நாற்காலி ரொம்ப நல்லா இருக்கு."

இப்போது விடுமுறை தோறும் இதே ஏற்பாடுதான். கொஞ்சம் வெட்கமாக இருந்தாலும் காத்திருக்கிறேன். போன வாரம் மட்டும், உற்சாகத்தில் வாய் சும்மா இருக்காமல், அவளிடம் ஒரு குறையைச் சொன்னேன்.

"கச்சேரி பாதி தாண்டறதுக்குள்ள பாத்திரம் தீர்ந்துடுதும்மா."

அடுத்த விடுமுறைக்குத் தையல் கடையில் இருக்கிற எல்லோரையும் குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள்.